குடத்துக்குள் குறுக்காகக் கிடந்த மதலை

பிரசவ வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தங்கைகளுக்கு,

ஓய்வு பெற்றவர்கள் தங்கள் அனுபவங்களை எழுதித் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இன்னும் தலை நரைக்கவில்லை. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் பிரசவம் பார்க்கப் போக முடியவில்லை, அதனால் வேலையை விட்டேன். இதற்கு ஓய்வு என்று யார் பெயர் வைத்தார்களோ தெரியவில்லை. இந்தக் கடிதத்தைக்கூடத் தொட்டிலை ஒரு காலால் ஆட்டிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

போன வாரம் உங்களில் இரண்டு பேர் என்னைப் பார்க்க வந்தீர்கள். கூடத்தில் மரச்சீவல் கிடந்தது. சுவரோரம் நான் செதுக்கிய பொம்மைகளும் கரண்டிகளும் இருந்தன. "அக்கா, நல்ல பொழுதுபோக்கு. பேறுகாலம் பாத்த கைக்கு இது எப்படி வந்துச்சு?" என்று ஒருவர் கேட்டீர்கள். அன்பாகத்தான் கேட்டீர்கள். ஆனாலும் எனக்குச் சுருக்கென்று இருந்தது. பதில் சொல்வதற்குள் என் மகள் ஒரு சீவலை எடுத்து வாயில் போட்டுவிட்டாள். அதை விரல் விட்டு எடுப்பதற்குள் உங்களுக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நீங்கள் போன பிறகு, கோபமாகப் பேசிவிட்டேனோ என்று கவலைப்பட்டேன். பிறகு, பேசவே இல்லையே என்று கோபப்பட்டேன். அந்தப் பதிலை இப்போது எழுதுகிறேன்.

எனக்கு இந்த மரவேலை பொழுது போகாமல் வந்ததல்ல. ஒரு மாட்டு வண்டி கிடைக்காமல் வந்தது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. மதுரையில் பயிற்சி முடித்துவிட்டு, கம்பத்துக்கும் தேனிக்கும் நடுவில் ரோட்டோரமாக இருந்த ஓர் ஊரில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சித்திரை மாதம், வீரபாண்டி அம்மன் கோயில் திருவிழா நடந்துகொண்டிருந்தது. அந்த நாட்களில் எங்கள் பக்கம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊரே காலியாகிவிடும். வண்டிகளெல்லாம் விடியுமுன் கிளம்பிவிடும். பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரிப்புகையில் ஓடிய பஸ்கள் கம்பத்திலேயே நிறைந்து வரும். கையைக் காட்டினால் டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

அப்படி ஒரு காலையில்தான் பேச்சியம்மாளின் வீட்டிலிருந்து கூப்பிட ஆள் வந்தது. பேச்சிக்கு அது முதல் பிரசவம். கல்யாணமாகி வெகுகாலம் குழந்தை இல்லாமல் இருந்து, வீரபாண்டி ஆத்தாளுக்கு நேர்ந்துகொண்ட பிறகு தங்கிய பிள்ளை. முதல் நாளே வலி எடுத்திருக்கிறது. பொறுத்துப் பார்க்கலாம் என்று மாமியார் சொல்ல, பொறுத்திருக்கிறார்கள். விடியும்போது பனிக்குடம் உடைந்த பிறகுதான் என் ஞாபகம் வந்திருக்கிறது.

போய் வயிற்றில் கை வைத்தேன். தலை இருக்க வேண்டிய இடத்தில் தலை இல்லை. இடுப்பெலும்புக்கு மேலே வெறுமையாக இருந்தது. இடது பக்கம் உருண்டையாகத் தலை, வலது பக்கம் மெத்தென்று பிட்டம். பிள்ளை குறுக்காகக் கிடந்தது.

"என்னாத்தா, வாயத் தொறக்காம நிக்கிற?" என்றாள் மாமியார்.

"புள்ள குறுக்க கெடக்குது. இங்கன வச்சுப் பாக்க முடியாது. தேனி ஆஸ்பத்திரிக்கு இப்பவே கொண்டு போகணும்."

"குறுக்க கெடந்தா நெடுக்கத் திரும்பும். நான் பெறாத பிள்ளையா?"

"தண்ணி போயிருச்சு ஆத்தா. இனிமே திரும்பாது."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வெளியே போனாள். நானும் பின்னாலேயே போனேன். வாசலில் ஒரு வண்டி நின்றது. நல்ல வண்டி. கழுவி, மஞ்சள் பூசி, நுகத்தடியில் வேப்பிலை கட்டி, மாடுகளுக்குக் கொம்பில் குங்குமம் வைத்துப் பூட்டியிருந்தார்கள். ஊரில் அன்றைக்கு மீதி இருந்த ஒரே வண்டி அதுதான். பேச்சியின் கணவன் முத்தையா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். அவனுடைய அண்ணன் வீரணன்தான் அந்த வீட்டுக்குப் பெரியவர். மஞ்சள் வேட்டி கட்டி, கையில் காப்புக் கட்டி, தீச்சட்டி எடுக்கத் தயாராக இருந்தார். பேச்சி வயிற்றில் பிள்ளை தங்கியதற்காக அவர் எடுக்கும் சட்டி அது. திருவிழாவுக்குக் கொடி ஏறியதிலிருந்து கூழை மட்டும் குடித்து விரதம் இருந்தார்.

எனக்கு மனத்தில் ஒரு நிம்மதி. வண்டி பூட்டி நிற்கிறது. வீரபாண்டியைத் தாண்டினால் தேனி. போகிற வழிதான். உடனே ஏற்றிவிடலாம் என்று நினைத்தேன்.

நீங்களும் இப்படித்தான் நினைப்பீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

"வண்டி ஆத்தாளுக்குப் பூட்டுனது. இதுல பேறுகாலத் தீட்டு ஏறக் கூடாது" என்றார் வீரணன்.

"அண்ணே, உள்ள இருக்குறது ரெண்டு உசுரு."

"அந்த உசுரக் குடுத்ததே ஆத்தாதான். அவளுக்குத் தெரியாததா ஒனக்குத் தெரிஞ்சு போச்சு? நாங்க போயி மதலைய வச்சுட்டு, சட்டிய எறக்கிட்டு வந்துர்றோம். அதுக்குள்ள சொகமாப் பெத்துருவா."

"குறுக்க கெடக்குற புள்ள பொறக்காதுண்ணே."

"குறுக்க கெடக்குதுன்னு எப்பிடிச் சொல்லுற? வயித்துக்குள்ள போயிப் பாத்துட்டு வந்தியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். யாரோ ஒரு கிழவர், "கல்யாணங்கெட்டாத பிள்ள பேறுகாலத்துக்குப் பாடம் எடுக்குதுப்பா. காலம் கெட்டுக் கெடக்கு" என்றார். அதற்கும் சிரிப்பு. உள்ளேயிருந்து பேச்சி கத்தினாள். சிரிப்பு கொஞ்சம் நின்றது, மறுபடி தொடர்ந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். கருப்பையின் வாய், இடுப்பெலும்பின் வளையம், தோள், முதுகு. பரீட்சையில் கேட்டிருந்தால் முழு மதிப்பெண். அந்த வாசலில் ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. புரியாததில் அவர்கள் தப்பு என்ன? அவர்கள் பிள்ளை பிறந்து பார்த்திருக்கிறார்கள், உள்ளே கிடந்து பார்த்ததில்லை. நானும்தான் பார்த்ததில்லை. என் கைதான் பார்த்திருந்தது.

பேசப் பேச நேரம் போனது. வெயில் வாசலுக்கு வந்துவிட்டது. இதற்குமேல் எத்தனை தடவை ஒன்றையே சொல்வது என்று நினைத்தபோதுதான் வண்டியில் கிடந்த அந்த மஞ்சள் துணி கண்ணில் பட்டது.

மதலை என்பது உங்களில் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். பிள்ளை வேண்டி நேர்ந்துகொள்கிறவர்கள், மண்ணில் செய்து சுட்ட பிள்ளைப் பொம்மையைக் கோயிலில் கொண்டுபோய் வைப்பார்கள். ஒரு சாண் இருக்கும். கையும் காலும் விரித்து, சிரித்துக்கொண்டு படுத்திருக்கும். பேச்சிக்காக வைக்கப்போகும் மதலை அந்தத் துணிக்குள் இருந்தது. பக்கத்திலேயே வழிக்குத் தண்ணீர் கொண்டுபோக ஒரு பித்தளைக் குடமும் இருந்தது.

நான் குடத்துத் தண்ணீரைக் கீழே கொட்டினேன். துணியைப் பிரித்து மதலையை எடுத்தேன்.

"ஏ... ஏ... அதத் தொடாத!" என்று மாமியார் ஓடி வந்தாள்.

"இந்தாருங்க அண்ணே. இந்தக் குடந்தான் வயிறு. இந்த வாய் வழியாத்தான் புள்ள வெளிய வரணும்" என்று சொல்லி, மதலையைக் கால் பக்கமாகக் குடத்துக்குள் விட்டு, தலை முதலில் வரும்படி எடுத்தேன். கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் உள்ளே போனது, வந்தது. "தல மொதல்ல வந்தா இப்பிடி வரும்." மறுபடி விட்டேன். உள்ளே போனதும் அதைத் திருப்பிக் குறுக்காகப் படுக்க வைத்தேன். குடத்தை அவர் பக்கம் நீட்டினேன். "இப்ப இப்பிடிக் கெடக்குது. நீங்களே எடுங்க."

அவர் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். ஆனால் குனிந்து பார்த்தார். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். நான் மதலையின் ஒரு கையைப் பிடித்து வெளியே இழுத்துக் காட்டினேன். தோள் விளிம்பில் இடித்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தேன்.

கை ஒடிந்து என் கையோடு வந்துவிட்டது.

அந்தச் சத்தம் இப்போதும் எனக்குக் கேட்கிறது. சின்னச் சத்தம்தான், அப்பளம் ஒடிகிற மாதிரி. மாமியார் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சிரித்த கிழவர் இரண்டடி பின்னால் போனார். வீரணனுக்கு முகம் கறுத்துவிட்டது.

"ஒடிச்சுட்டாளே! ஆத்தா பிள்ளைய ஒடிச்சுட்டாளே!" என்றாள் மாமியார்.

"ஊனமான மதலையோட ஆத்தா வாசலுக்கு எப்பிடிப் போறது?" என்றார் வீரணன். என்னிடம் இல்லை, எல்லோரிடமும் கேட்டார். "இந்த வண்டி இனிமே அங்கன போகாது. அவுத்து விடுங்கடா மாட்ட. நான் நடந்து போயிச் சட்டிய எடுக்குறேன்."

அதுவரை முத்தையா ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அண்ணன் முன்னால் அவன் பேசி யாரும் பார்த்ததில்லையாம். மாட்டின் கயிற்றைப் பிடித்தபடியே, தரையைப் பார்த்துக்கொண்டு, "அப்பன்னா வண்டி சும்மாத்தானண்ணே நிக்கிது?" என்றான்.

மாட்டை அவிழ்க்காமல் கயிற்றை இறுக்கிப் பிடித்தான்.

"ஆத்தாளுக்கு இல்லன்னு ஆயிப்போச்சுல்ல. நான் பேச்சியத் தேனிக்குக் கொண்டு போறேன்" என்றான். அண்ணன் சரி சொல்லும்வரை நிற்கவில்லை. உள்ளே போய் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

தங்கைகளே, வேண்டுமென்றே ஒடித்தேனா என்று அந்த ஊரில் பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஒடிக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. ஆனால் குடத்தின் வாய் இன்னும் கொஞ்சம் அகலமாக இருந்து, கை ஒடியாமல் மதலை வெளியே வந்திருந்தால் பேச்சியின் கதி என்ன ஆகியிருக்கும் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. அதை நான்தான் என்னையே கேட்டுக்கொண்டு தூங்காமல் கிடந்திருக்கிறேன்.

வீரபாண்டியில் ரோடு தெரியாத அளவுக்குக் கூட்டம். வண்டி நகரவில்லை. பேச்சி என் மடியில் தலை வைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். முத்தையா, "வழி வுடுங்க, வழி வுடுங்க" என்று தொண்டை கிழியக் கத்தினான். மேளச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? எனக்குப் பயம் வேறு. வீட்டு வாசலிலேயே தீட்டு என்றார்கள். கோயில் வாசலில் என்ன சொல்வார்களோ என்று படுதாவை இழுத்து மூடினேன்.

அப்போது தீச்சட்டி ஏந்தி வண்டியை ஒட்டி வந்த ஒரு பெண், யாரென்றே தெரியாது, மூடின படுதாவுக்குள்ளிருந்து வந்த முனகலைக் கேட்டு நின்றாள். சட்டியில் தீ எரிந்துகொண்டிருந்தது. "ஏடி, பிள்ளத்தாச்சி வண்டிடி! ஒதுங்குங்கடி! ஏலே, மேளத்த நிறுத்துல!" என்று ஒரு சத்தம் போட்டாள். அந்தச் சட்டியோடு அவளே முன்னால் நடந்தாள். கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. பெண்கள் வேப்பிலையால் எங்கள் மாடுகளைத் தட்டி ஓட்டினார்கள். "ஆத்தாளே வழி வுடுறா, போங்க தாயி" என்று யாரோ சொன்னது கேட்டது. ஒருத்தர்கூடத் தீட்டு என்று சொல்லவில்லை.

இதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. ஆத்தாள் வாசலிலேயே இல்லாத தீட்டு, அவளுக்குப் பூட்டிய வண்டியில் எங்கேயிருந்து வந்தது? அந்த வாசலில் நின்று நான் இழந்த நேரத்தை யாரிடம் போய்க் கேட்பது?

ஆஸ்பத்திரியில் பேச்சி பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. ஆண் பிள்ளை. சற்று முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார்கள். என்னைக் குற்றம் சொல்லவில்லை. ஆனாலும் நான் ஒரு மூலையில் போய் நின்றுகொண்டேன். குடம் முன்பே கண்ணில் பட்டிருக்கலாமே என்று தோன்றியது. வீரணனைத் தள்ளிவிட்டு நானே மாட்டை ஓட்டியிருக்கலாமோ என்றும் தோன்றியது. எனக்கு மாடு ஓட்டத் தெரியாது. இருந்தாலும் தோன்றியது.

இனி கேளுங்கள், ஊர் என்ன சொன்னது என்று. மதலையின் கை ஒடிந்ததால் பிள்ளை செத்துப்போனது என்றது! வண்டி தராமல் நின்ற நேரம் யாருக்கும் ஞாபகமில்லை. ஒடிந்த கை மட்டும் எல்லோருக்கும் ஞாபகமிருந்தது. "மதலைய ஒடிச்ச நர்சம்மா" என்று எனக்குப் பெயர். அந்தப் பெயர் பக்கத்து ஊர்களுக்கும் போனது. என்னைக் கூப்பிடுவது குறைந்தது. கூப்பிட்டாலும் எல்லாம் கைமீறிய பிறகு கூப்பிட்டார்கள். என்னை ஒதுக்கினால் எனக்கு அவமானம், அவ்வளவுதான். ஆனால் அடுத்து ஒரு பிள்ளை குறுக்காகக் கிடந்தால்? அந்தப் பெண் யார் வீட்டில், எந்த வண்டிக்காகக் காத்துக்கிடப்பாள்? இதுதான் என்னைப் பிடித்து ஆட்டியது.

வீரணன் என் வாசலுக்கே வந்து சொன்னார்: "பழி ஒன்னோடது. நீதான் வேற மதலை செஞ்சு ஆத்தாளுக்கு வைக்கணும். இல்லன்னா அந்தப் பொண்ணு வயித்துல இனிமே பிள்ள தங்காது." அவர் கண் கலங்கியிருந்தது. அந்தப் பிள்ளைக்காக விரதம் இருந்தவர் அவர். அவருக்கு அன்பு இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அன்பு இருந்தும் இப்படி என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. சொன்னதைச் செய்து வளர்ந்தவள் நான். மண்பாண்டம் செய்யும் வேளாரிடம் போனேன். "திருவிழா முடிஞ்சா மதலைக்குச் சூள வைக்கிறதில்ல தாயி. அடுத்த சித்திரைக்கு வாங்க" என்றார். அடுத்த சித்திரைவரை இந்தப் பழியைச் சுமப்பதா என்று நினைத்தபடி வீட்டுக்கு வந்தேன். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வேலியில் கல்யாண முருங்கை நின்றது. ஒரு கிளையை வெட்டி, பென்சில் சீவுகிற பேனாக்கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒடியாத மதலையாக நானே செய்கிறேன், பார்க்கலாம் என்று ஒரு வீம்பு.

முதலில் செய்தது பிள்ளை மாதிரியே இல்லை, கத்தரிக்காய்க்குக் கால் முளைத்த மாதிரி இருந்தது. இரண்டாவது பச்சை மரம், காய்ந்ததும் தலையில் வெடித்துவிட்டது. மூன்றாவதைச் செய்யும்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். கண்ணால் பார்த்துச் செதுக்கினால் தப்பாக வருகிறது. கண்ணை மூடிக்கொண்டு, மரத்தை மடியில் வைத்துத் தடவிப் பார்த்தால், எங்கே இன்னும் எடுக்க வேண்டும் என்று விரலுக்குத் தெரிகிறது. எத்தனை வயிறுகளின் மேல் இந்தக் கை தடவியிருக்கிறது! முதுகின் வளைவு, முட்டி மடங்குமிடம், தலையின் உருட்டு எல்லாம் இந்த விரல்களில் இருந்தன. கத்தி அதைப் பின்தொடர்ந்து போனது. தோள் வெளியே வந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. பேச்சியின் வயிற்றில் நான் தொட்ட அதே தோள். அன்றைக்குப் பிடித்தது எனக்கு இந்தப் பைத்தியம்.

சிரிக்கிற பிள்ளையாகச் செய்யவில்லை. வயிற்றுக்குள் இருப்பதுபோலவே முட்டியை மடக்கி, தாடையை நெஞ்சில் வைத்துச் செய்தேன். பொறுப்பாக வீரணனிடம் கொண்டுபோனேன்.

"என்னாத்தா இது, மரத்துல செஞ்சுருக்க? ஆத்தா மண்ணுதான் கேப்பா" என்றார். கையில்கூட வாங்கவில்லை.

திரும்பி வருகிற வழியில்தான், வாங்காமல் போனதும் நல்லதுக்குத்தான் என்று தோன்றியது. கோயிலில் வைத்திருந்தால் அது சும்மா படுத்திருக்கும். என் பையில் இருந்தால் வேலை செய்யும். அதற்குத் தோதாக வாகை மரத்தில் ஒரு வளையமும் செதுக்கினேன், இடுப்பெலும்பின் அளவுக்கு. இனிமேல் வலி எடுத்த பிறகு வாசலில் நின்று கத்துவதில்லை, மாதம் நிறையுமுன்பே வீட்டு ஆண்களை உட்கார வைத்துக் காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன்.

காட்ட விட்டால்தானே! "மரப்பொம்மையத் தூக்கிட்டு வர்றா, அடுத்து யாரு பிள்ளைய ஒடிக்கவோ" என்று கதவைச் சாத்தினார்கள். மேலதிகாரி ஒருவர் பார்வையிட வந்தார். அவரிடம் இந்தப் பொம்மையைக் காட்டி, இதுபோல எல்லாச் செவிலியருக்கும் செய்து தர வேண்டும் என்று கேட்டேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அருமையான கைவேலை. நல்ல பொழுதுபோக்கு அம்மா. என் மேஜைக்கு ஒரு யானை செய்து தர முடியுமா?" என்றார். பொழுதுபோக்கு என்ற சொல் எனக்கு ஏன் சுருக்கென்று இருந்தது என்று இப்போது புரிகிறதா? யானையைச் செய்து கொடுத்தேன். மறுக்கத் தைரியம் வரவில்லை. தும்பிக்கைக்கு மட்டும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. அந்த யானைமேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

அதற்கடுத்த வருஷம் பேச்சி சொல்லி அனுப்பினாள். ஊரே கூப்பிடத் தயங்குகிற என்னை, பிள்ளையைப் பறிகொடுத்தவள் கூப்பிட்டிருந்தாள். மறுபடி வயிற்றில் பிள்ளை. மாதம் நிறைய இன்னும் நாள் இருந்தது.

போனபோது வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். வீரணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முத்தையா தூணோரம் நின்றான். மாமியார் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பேச்சியின் வயிற்றைப் பார்த்தேன். தலை கீழேதான் இருந்தது. நிம்மதியாகப் போயிருக்கலாம். ஆனால் எந்தப் பிள்ளை எப்போது என்ன செய்யும் என்று யார் சொல்ல முடியும்? வண்டியைப் பற்றிப் பேச வேண்டும். பையிலிருந்து மரப்பிள்ளையையும் வளையத்தையும் எடுக்கலாமா, இந்த வீட்டில் அதை எடுத்தால் என்ன ஆகும் என்று கையை உள்ளேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

பேச்சி என் பைக்குள் கையை விட்டு இரண்டையும் எடுத்துவிட்டாள்.

"இங்க பாருங்க மாமா" என்றாள். அவள் வீரணனிடம் நேருக்கு நேராகப் பேசியது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். முத்தையா திடுக்கிட்டு நிமிர்ந்தான். அவள் வளையத்தைத் தரையில் வைத்து, மரப்பிள்ளையை அதன்மேல் குறுக்காக வைத்தாள். "போன தடவ எம்பிள்ள இப்பிடிக் கெடந்துச்சு. வலிக்கும்போது எனக்குத் தெரியல, இப்பத்தான் தெரியுது. அமுக்குங்க. போகுதான்னு பாருங்க."

"பேச்சி, பெரியவுககிட்ட என்ன பேச்சு இது?" என்றாள் மாமியார்.

"நீங்க சும்மா இருங்கத்தே. மாமா, எம்பிள்ளைக்காக நீங்க கூழு குடிச்சுக் கெடந்தீக. சட்டி எடுத்தீக. இல்லங்கல. எனக்கு வேண்டியிருந்தது வண்டி. அதக் குடுத்தீகளா?"

வீரணன் குனிந்து அந்த மரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டினார். போன தடவை தொடாத கை. ஒரு விரலால் அதன் முதுகை அமுக்கினார். அது வளையத்தின்மேல் அப்படியே கிடந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். போகவில்லை. அவராகவே அதைத் திருப்பித் தலையை வளையத்துக்குள் விட்டார். வழுக்கிக்கொண்டு போனது. தரையில் விழாமல் அடியில் இன்னொரு கையை வைத்துப் பிடித்துக்கொண்டார்.

அதைப் பேச்சியிடம் கொடுத்துவிட்டு எழுந்து வெளியே போனார். வாசலில் வண்டி நிறைய எருக்குப்பை ஏற்றியிருந்தது, வயலுக்குப் போக. "ஏலே, குப்பைய எறக்குங்கடா. வண்டியக் கழுவி இங்கனயே நிறுத்துங்க. பேச்சி பெத்து எந்திரிக்கிற வரைக்கும் ஒருத்தனும் இதத் தொடக் கூடாது" என்று அவர் சொன்னது உள்ளே கேட்டது.

அதன் பிறகு அந்த ஊரில் எனக்குக் கதவு திறந்தது. எல்லாக் கதவும் திறந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஆண்கள் மரப்பிள்ளையைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். அமுக்கிப் பார்த்தார்கள். நெல் மூட்டை எந்த வாசலில் நுழையும், எந்த வாசலில் நுழையாது என்று தெரிந்த கைகள் அவை. அந்தக் கைகளுக்கு வார்த்தை தேவைப்படவில்லை.

உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான். நீங்கள் சொல்வது சரி என்பதால் மட்டும் யாரும் வண்டி தந்துவிட மாட்டார்கள். வலி வருமுன்பே வண்டியைக் கேளுங்கள். அப்போது ஏச்சு வாங்கினாலும் பரவாயில்லை. என் மரப்பிள்ளையும் வளையமும் வேண்டுமென்றால் வந்து எடுத்துப் போங்கள், அல்லது நீங்களே செதுக்கிக்கொள்ளுங்கள். உங்கள் கைக்கும் அந்தத் தோள் தெரியும்.

பேச்சிக்கு வீட்டிலேயே சுகப்பிரசவம் ஆனது. பெண் பிள்ளை. தலை கீழேயிருந்து நேராக வந்தாள். வண்டி தேவைப்படவில்லை. பேர் வைத்த அன்று வீரணன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, வந்தவர்களிடமெல்லாம் என்னைக் காட்டிப் புகார் சொன்னார்: "இந்த நர்சம்மா பேச்சக் கேட்டு, வெதைக்கிற நேரத்துல எங்க வண்டி வீணா நின்னுச்சுப்பா."

வீணாக நின்றதாம்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பிறகு அவர் மடியில் தூங்கிய பிள்ளையைப் பார்த்தேன். நிற்கட்டும். அப்படி வீணாகவே நிற்கட்டும்.